வாங்க வழி உண்டு... வீச வழி இல்லை!

படுக்கையறை அலமாரியின் அடித்தட்டில் பழசாகிக் கிடக்கும் அந்தரங்கக் கருவிகள் கடைசியில் யார் கைக்குப் போய்ச் சேர்கின்றன?

2021 ஜூன் மாதம். ஜப்பானின் வடக்கே, அவோமோரி மாகாணத்தில் ஹச்சினோஹே என்ற கடலோர ஊர். மீன்பிடி வீடியோ எடுக்க வந்திருந்த ஒரு யூடியூபர், தண்ணீரில் மிதந்து வந்த உருவத்தைப் பார்த்துப் பிணம் என்றே நினைத்தார். அதே உருவத்தைப் பார்த்த வேறு யாரோ தகவல் கொடுத்துவிட, போலீஸ் வந்தது, தீயணைப்பு வண்டி வந்தது, ஆம்புலன்ஸும் வந்து நின்றது. கடைசியில் பார்த்தால் அது ஆளுயரத்தில் செய்த 'லவ் டால்'. யாருக்கோ வேண்டாமல் போன பொம்மை.

அதற்கு முன்பே, 2008இல், அதே நாட்டின் இஸு பகுதியில் இன்னொரு கூத்து நடந்திருக்கிறது. காட்டுப் பக்கம் தூக்கப் பைக்குள் சுற்றிக் கிடந்த 'உடலை'க் கண்டு ஊரே பதறியது. போலீஸ் கொண்டுபோன பிறகுதான் அது பொம்மை என்று தெரிந்தது. போட்டவர் அறுபது வயதுக்காரர். தனியாக இருந்தவர், பிள்ளையோடு போய்ச் சேர வேண்டிய நிலை வந்திருக்கிறது. பொம்மையோடு அங்கே போக முடியுமா? கொலைப் பழி தப்பியது. ஆனால், கண்ட இடத்தில் குப்பை போட்ட குற்றம் அவர் தலையில் விழுந்தது.

நம் ஊரில் இந்தப் பிரச்னை உள்ளங்கையில் அடங்கும் அளவில்தான் இருக்கிறது. அதனாலேயே யார் கண்ணிலும் படுவதில்லை.

கல்யாணம் நிச்சயமாகிவிட்டது, ரூமைக் காலி செய்ய வேண்டும். அம்மா ஊரிலிருந்து ஒரு மாதம் தங்க வருகிறார். வாடகை வீடு மாற வேண்டும்; மூட்டை கட்ட வருகிறவர்களோ சித்தப்பாவும் மைத்துனரும். அல்லது, பொருளே மக்கர் செய்கிறது: சார்ஜ் ஏறவில்லை, ரப்பர் பிசுபிசுக்கிறது. எப்படியோ ஒருநாள், இன்று ராத்திரிக்குள் இது வீட்டைவிட்டுப் போயாக வேண்டும் என்ற அவசரம் வந்து நிற்கிறது.

அந்த அவசரத்தில் அநேகமாக எல்லோரும் செய்வது ஒன்றுதான். பழைய பேப்பரில் சுற்றி, கறுப்பு கவரில் போட்டு, அதை இன்னொரு கவருக்குள் திணித்து, இறுக்கி முடிச்சுப் போட்டு, காய்கறித் தோலுக்கு அடியில் புதைத்து வாசலில் வைப்பது. இவ்வளவு ஜாக்கிரதையாகக் கட்டிவிட்டு, அது வந்த அட்டைப்பெட்டியைப் பெயர், ஃபிளாட் நம்பர், செல்போன் எண் அச்சடித்த ஸ்டிக்கரோடு அதே கூடையில் போடுகிற புண்ணியவான்களும் உண்டு.

அந்த முடிச்சை நாளைக் காலையில் ஒருவர் அவிழ்க்கப் போகிறார் என்பது, போடும்போது நினைவுக்கு வருவதில்லை.

வரும்போது மட்டும் மரியாதை

செக்ஸ் டாய் இணையத்தில் விற்பனைக்கு வந்து வருஷங்கள் ஆகின்றன. விற்பவர்கள் முதலில் யோசித்தது பொருளைப் பற்றியல்ல, அது வரும் பெட்டியைப் பற்றி. வெளியே கடைப் பெயர் இருக்காது. படம் இருக்காது. அனுப்புநர் இடத்தில் ஏதோ ஒரு டிரேடிங் கம்பெனி பெயர். பில்லில் 'பாடி மசாஜர்'. கொண்டுவருகிற கூரியர் பையனுக்குக்கூட உள்ளே இருப்பது டார்ச் லைட்டா, டிரிம்மரா என்று தெரியாது. 'உங்கள் ரகசியம் எங்கள் பொறுப்பு' என்கிற தொனியில் எல்லாக் கடைகளும் சத்தியம் செய்கின்றன.

அந்தச் சத்தியம் டெலிவரியோடு முடிந்துவிடுகிறது. பிரித்த பொருளைச் சுகாதாரம் கருதித் திரும்ப வாங்க மாட்டார்கள், அது நியாயமும்கூட. ஆனால், மூன்று வருஷம் கழித்துப் பழசாகிப்போன பொருளுக்கு என்ன ஏற்பாடு? அந்தக் கேள்விக்கு இணையதளத்தின் எந்த மூலையிலும் பதில் கிடைப்பது அபூர்வம். பழைய பேப்பர்காரரிடம் போட முடியாது. வேலைக்கு வரும் அக்காவிடம் கொடுக்க முடியாது. இரண்டாம் கையாக விற்பதோ சட்டச் சிக்கல், நோய்த்தொற்று அபாயம் இரண்டையும் சேர்த்து விலைக்கு வாங்குவது.

▣ வைத்திருந்தால் குற்றமா?

> ஆபாசப் பொருளை விற்பதும், விற்பதற்காக வைத்திருப்பதும், அதற்காக இறக்குமதி செய்வதும் இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 292ஆவது பிரிவில் குற்றம். 2024 ஜூலை 1 முதல் அந்த இடத்தில் பாரதிய நியாய சன்ஹிதாவின் 294ஆவது பிரிவு இருக்கிறது. வயது வந்த ஒருவர் தன் சொந்த உபயோகத்துக்கு வீட்டில் வைத்திருப்பதை அந்தப் பிரிவு தண்டிக்கவில்லை.
>
> எது ஆபாசம் என்பதை இன்றைய சமூகத்தின் அளவுகோலை வைத்தே பார்க்க வேண்டும் என்று 2014இல் அவீக் சர்க்கார் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. சுங்கத் துறையோ 1964ஆம் ஆண்டு அறிவிக்கையைக் காட்டிச் சரக்கை நிறுத்திவந்தது.
>
> 2024 மார்ச்சில் பம்பாய் உயர் நீதிமன்றத்துக்கு வந்தது பாடி மசாஜர் வழக்கு. 'இவற்றை செக்ஸ் டாயாகவும் பயன்படுத்தலாம்' என்று சொல்லிச் சுங்கத் துறை பறிமுதல் செய்திருந்தது. அது ஆணையரின் கற்பனை என்ற முடிவுக்கு வந்த நீதிமன்றம், சரக்கை விடுவித்த தீர்ப்பாய உத்தரவை உறுதி செய்தது.

தோலுக்குள் என்ன இருக்கிறது?

ஒரு சாதாரண வைப்ரேட்டரை எடுத்துக்கொள்வோம். வெளியே சிலிக்கோன் உறை. உள்ளே கெட்டியான பிளாஸ்டிக் கூடு. அதற்குள் ஒருபக்கம் கனமான சின்ன எடை பொருத்திய மோட்டார். எடை கோணலாகச் சுற்றுவதால்தான் அதிர்வு. செம்புக் கம்பிச் சுருள், காந்தம், சர்க்யூட் போர்டு, கூடவே லித்தியம் பேட்டரி. தண்ணீர் புகாமல் இருக்க மொத்தத்தையும் ஒட்டி மூடியிருப்பார்கள். திருகாணி கிடையாது, கழற்ற வழியும் கிடையாது. செல்போனில் இருக்கிற சமாசாரம் பாதிக்கு மேல் இதிலும் இருக்கிறது.

சிலிக்கோனை உருக்கி வேறு வடிவில் ஊற்ற முடியாது. ஒருமுறை இறுகினால் இறுகியதுதான். அரைத்துத் தூளாக்கலாம், அல்லது ரசாயன முறையில் உடைக்கலாம். மண்ணில் புதைத்தால் மக்காது. 2025இல் பிரான்ஸின் லியோன் நகர ஆய்வாளர்கள், காலியம் என்ற உலோகத்தை வினையூக்கியாக வைத்து, குறைந்த வெப்பத்திலேயே சிலிக்கோன் கழிவை மூலப்பொருளாக மாற்றும் முறையை 'சயின்ஸ்' இதழில் வெளியிட்டார்கள். நல்ல செய்தி. ஆனால், ஆய்வகத்துக்கும் அம்பத்தூர் தொழிற்பேட்டைக்கும் தூரம் அதிகம்.

மலிவு விலைச் சரக்கின் கதை வேறு. 'ஜெல்லி' என்று விற்கும் வழவழப்பான பொருள்களில் பல பி.வி.சி. கெட்டியான பி.வி.சி.யை மெத்தென்று ஆக்கத் தாலேட் வகை ரசாயனங்களைச் சேர்ப்பார்கள். 2006இல் டென்மார்க்கின் சுற்றுச்சூழல் முகமை செக்ஸ் டாய்களைப் பரிசோதித்தபோது இந்தத் தாலேட்டுகள் சிக்கின. நாள்பட நாள்பட இந்த ரசாயனம் வெளியே கசியும்; பழைய கருவி பிசுபிசுப்பதற்கு அதுவும் ஒரு காரணம். பிசுபிசுத்தால் உடனே உபயோகத்தை நிறுத்திவிட வேண்டும். இந்தக் கருவிகளின் பாதுகாப்புக்கென்று ஒரு சர்வதேசத் தரநிலை (ஐ.எஸ்.ஓ. 3533) வந்ததே 2021இல்தான்.

கவரில் கட்ட மனமில்லாதவர்கள் தேர்ந்தெடுக்கும் இன்னொரு வழி, கொல்லைப்புறத்தில் கொளுத்துவது. ஊர்ப்பக்கத்தில் எந்தக் குப்பைக்கும் அதுதானே வைத்தியம்! ஆனால் பி.வி.சி. எரிந்தால் ஹைட்ரஜன் குளோரைடு வாயு வரும், டயாக்ஸின் வரும். உள்ளே லித்தியம் பேட்டரி இருந்தால் வெடித்துச் சிதறும். மானத்தைக் காப்பாற்றக் கொளுத்தப் போய், கையில் கட்டோடு பக்கத்து வீட்டுக்காரருக்கு விளக்கம் சொல்லும் நிலை வரலாம்.

முடிச்சை அவிழ்க்கும் கை

வாசலில் வைத்த கவரைப் பேட்டரி வண்டியில் வரும் தூய்மைப் பணியாளர் எடுக்கிறார். நாம் பிரிக்காமல் கொடுத்ததை அவர் பிரிக்க வேண்டும். இறுக்கிக் கட்டிய கவரைக் கிழித்து உள்ளே கைவிட்டால் என்ன வரும் என்பது அவருக்குத் தெரியாது: டயப்பராக இருக்கலாம், உடைந்த கண்ணாடியாக இருக்கலாம், இன்சுலின் ஊசியாக இருக்கலாம், நாம் பேசிக்கொண்டிருக்கும் பொருளாகவும் இருக்கலாம். கையுறை இருந்தால் அதிர்ஷ்டம். பெண்களும் ஆண்களும் சேர்ந்து நின்று பிரிக்கிற இடத்தில் இப்படி ஒன்று வெளியே விழுந்தால், வெட்கமும் கேலியும் சேர்ந்து யார் மேல் கவியும் என்று சொல்லத் தேவையில்லை. வாங்கியவர் தன் கூச்சத்தைக் கவரில் கட்டி அனுப்புகிறார். அது வேறொருவர் மடியில் அவிழ்கிறது. வாங்கியவரின் அந்தரங்கத்தைப் பற்றி இவ்வளவு கவலைப்படும் வியாபாரம், இந்தப் பணியாளரைக் கணக்கிலேயே எடுத்துக்கொள்ளவில்லை என்பதுதான் எனக்கு உறுத்துகிறது.

பிரிக்கும்போது யார் கண்ணிலும் படாமல் போனால் நல்லதா? இல்லை, அப்போதுதான் ஆபத்து. கவர் அப்படியே காம்பாக்டர் லாரிக்குள் போகும். லாரி குப்பையை நசுக்கும். நசுங்கிய லித்தியம் பேட்டரிக்குள் ஷார்ட் சர்க்யூட் ஆகி, சூடேறி, தானே தீப்பிடிக்கும். சுற்றிலும் காகிதமும் பிளாஸ்டிக்கும். பிரிட்டனில் ஒரே ஆண்டில் குப்பை லாரிகளிலும் குப்பைக் கூடங்களிலும் பேட்டரியால் 1,200க்கும் மேற்பட்ட தீ விபத்துகள் நடந்ததாக அந்நாட்டுத் தீயணைப்புத் தலைவர்கள் மன்றம் 2024இல் கணக்குக் காட்டியது. அவை எல்லா வகைப் பேட்டரிகளும் சேர்ந்த கணக்கு. டூத் பிரஷ், வேப், விளையாட்டுச் சாமான் எல்லாம் அதில் அடக்கம். ஆனால் டூத் பிரஷை யாரும் இரண்டு கவருக்குள் ஒளித்துக் கட்டுவதில்லை.

லாரியில் தப்பியது குப்பைமேட்டுக்குப் போகும். சென்னையில் பெருங்குடி, கொடுங்கையூர். ஏற்கெனவே மீத்தேன் புகையும் மலைகள் அவை. 2022 ஏப்ரலில் பெருங்குடி பற்றி எரிந்து, நாள்கணக்கில் சுற்றுவட்டாரமே புகையில் மூச்சுத் திணறியதை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். அடுத்த ஆண்டு மார்ச்சில் கொச்சியின் பிரம்மபுரம் 10 நாள்களுக்கு மேல் புகைந்தது. அந்தத் தீக்களுக்குப் பேட்டரிதான் காரணம் என்று சொல்ல வரவில்லை. அப்படிப்பட்ட இடத்துக்குத் தெரிந்தே லித்தியத்தை அனுப்புகிறோம் என்பதைத்தான் சொல்கிறேன்.

சட்டம் இதை யோசிக்காமல் இல்லை. பயன்படுத்திய பேட்டரியை வீட்டு அபாயக் கழிவு என்று 2016ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகள் தனியாகப் பிரித்தன. அவற்றை வாங்கிக்கொள்ள 20 சதுர கிலோமீட்டருக்கு ஒரு மையம் அமைக்க வேண்டும் என்றும் சொல்லின. சென்னை மாநகராட்சியின் பரப்பு 426 சதுர கிலோமீட்டர். கணக்குப் போட்டால் 22 மையங்கள். உங்கள் வீட்டுக்குப் பக்கத்து மையம் எது என்று யோசித்துப் பாருங்கள். தெரிந்தால் நீங்கள் அபூர்வப் பிறவி.

முயலுக்குப் பொது மன்னிப்பு

இதற்குத் தீர்வே இல்லையா? பிரிட்டனில் ஒன்று நடந்தது. பழைய மின்சாதனங்களைக் குப்பைத் தொட்டியில் போடக் கூடாது, தயாரித்தவரும் விற்றவரும் அதற்குப் பொறுப்பேற்க வேண்டும் என்ற ஐரோப்பியச் சட்டம் 2007இல் அங்கே நடைமுறைக்கு வந்தது. அந்த ஐரோப்பியச் சட்டத்தின் பட்டியலில், முடி வெட்டும் கருவி, ஷேவர், டூத் பிரஷ் வரிசையில் 'மசாஜ் மற்றும் உடல் பராமரிப்புச் சாதனங்கள்' என்றும் ஒரு வரி உண்டு. பாத் நகரத்தில் 2002இல் தொடங்கிய லவ்ஹனி என்ற செக்ஸ் டாய் நிறுவனம் இதை நமுட்டுச் சிரிப்போடு கையில் எடுத்துக்கொண்டது. அப்போது அங்கே சக்கைப்போடு போட்டது 'ராபிட்' என்கிற முயல் காது வைத்த வைப்ரேட்டர். 'செக்ஸ் அண்ட் த சிட்டி' தொடரின் 1998ஆம் ஆண்டு எபிசோடு ஒன்று அதை ஊரறியச் செய்திருந்தது. பழைய முயல்களைத் தபாலில் அனுப்புங்கள், மறுசுழற்சிக்குக் கொடுத்துவிடுகிறோம் என்று சொல்லி, அந்தத் திட்டத்துக்கு 'முயல்களுக்குப் பொது மன்னிப்பு' என்று பெயரும் வைத்தார்கள்.

விளம்பரத் தந்திரம்தான், சந்தேகமில்லை. ஆனாலும் வேலை நடந்தது. வந்தது போலவே அடையாளம் தெரியாத பார்சலில் திரும்பப் போக ஒரு வழி பிறந்தது. டோக்கியோவில் 1977இல் தொடங்கிய ஓரியன்ட் இண்டஸ்ட்ரி என்ற 'லவ் டால்' நிறுவனமும், வேண்டாதவர்களிடமிருந்து தன் பொம்மைகளைத் திரும்ப வாங்கிக்கொள்ளும் வழக்கம் வைத்திருந்தது. பழைய பொம்மைகளுக்குக் கோயிலில் இறுதிச் சடங்கு செய்கிற நாட்டில் அதை யாரும் வேடிக்கையாகப் பார்க்கவில்லை. 2024இல் அந்த நிறுவனம் கடையை மூடுவதாக அறிவித்தபோது, அதன் வாடிக்கையாளர்களுக்கு இழப்பு பொம்மை மட்டுமல்ல, அதைத் திருப்பி அனுப்பும் வழியும்தான்.

புனேயிலிருந்து போன பார்சல்

'அதெல்லாம் வெளிநாடு, நம் ஊரில் நடக்குமா?' என்று கேட்பவர்களுக்கு ஒரு பழைய கதை. மெடிக்கல் ஷாப்பில் சானிட்டரி நாப்கினைப் பேப்பரில் சுற்றி, கறுப்பு கவரில் போட்டுக் கொடுக்கும் வழக்கம் நமக்கெல்லாம் தெரியும். வாங்குவதைப் பற்றிய கூச்சம் மெல்ல மெல்லக் குறைந்தது. வீசுவதைப் பற்றிய கூச்சம் அப்படியே இருந்தது. அதன் சுமை, கையால் பிரித்தவர்கள் மேல் விழுந்தது. புனேயில் குப்பை சேகரிப்பவர்களின் கூட்டுறவு அமைப்பான 'ஸ்வச்', 2013இல் பொறுமை இழந்து ஒரு காரியம் செய்தது. வீடுகளிலிருந்து வந்த பயன்படுத்திய நாப்கின்களை மூட்டை கட்டி, அவற்றைத் தயாரித்த பெரிய கம்பெனிகளுக்கே அனுப்பிவைத்தது. உங்கள் சரக்கு, நீங்களே வைத்துக்கொள்ளுங்கள்!

2016 திடக்கழிவு விதிகள் வந்தபோது, நாப்கின் தயாரிப்பாளர்கள் அதைச் சுற்றிப் போட உறையும் சேர்த்துத் தர வேண்டும் என்ற வரி அதில் இருந்தது. ஆணுறையும் நாப்கின் வகைக் கழிவிலேயே சேர்க்கப்பட்டது. சுற்றிய பொட்டலத்தின் மேல் சிவப்புப் புள்ளி வைத்தால், பிரிக்காமலேயே உள்ளே இருப்பது புரியும் என்ற யோசனையும் பரவியது. ரகசியத்தையும் காப்பாற்றி, பிரிப்பவர் கையையும் காப்பாற்ற ஒரு சிவப்புப் பேனா போதுமாக இருந்தது.

▣ வீட்டைவிட்டு அனுப்பும் முன்

> * சோப்புப் போட்டுக் கழுவி, நன்றாகக் காய வையுங்கள். எடுக்கப்போகிறவர் கையை நினைத்தாவது.
> * பென்டார்ச் பேட்டரி, பட்டன் பேட்டரி போட்டது என்றால் கழற்றித் தனியாக வையுங்கள். பட்டன் பேட்டரி குழந்தைகளுக்கு எட்டக் கூடாது. விழுங்கினால் உயிருக்கே ஆபத்து.
> * சார்ஜ் ஏற்றும் வகை என்றால் சார்ஜ் தீரும்வரை ஓடவிட்டு நிறுத்துங்கள். சார்ஜ் முனையில் இன்சுலேஷன் டேப் ஒட்டுங்கள். கத்தியால் கிழிக்கவோ, சுத்தியலால் உடைக்கவோ வேண்டாம். பேட்டரி எந்த இடத்தில் இருக்கிறது என்று வெளியிலிருந்து தெரியாது. உப்பியிருந்தால் சார்ஜரில் போடவே கூடாது.
> * மின்கழிவு முகாமிலோ, மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தில் பதிவுபெற்ற மறுசுழற்சியாளரிடமோ பழைய சார்ஜர், இயர்போன், டிரிம்மரோடு சேர்த்துக் கொடுங்கள். பில்லில் மசாஜர் என்றுதானே இருந்தது? அங்கேயும் அது மசாஜர்தான்.
> * மோட்டாரே இல்லாத வெறும் சிலிக்கோன், ரப்பர் என்றால் மின்கழிவு இல்லை. கழுவிக் காகிதத்தில் சுற்றி, மேலே சிவப்புப் புள்ளி வைத்து, நாப்கின் வகைக் கழிவோடு கொடுக்கலாம்.
> * கூரியர் ஸ்டிக்கரைக் கிழித்துவிட்டீர்களா?

பொறுப்பாளி இல்லாத பொருள்

மேலே சொன்னதெல்லாம் வாங்கியவர் செய்ய வேண்டியது. ஆனால் சட்டம் முதல் பொறுப்பை வைத்திருப்பது வேறு இடத்தில். 2023 ஏப்ரலில் அமலுக்கு வந்த மின்கழிவு மேலாண்மை விதிகள், முன்பு 21ஆக இருந்த பொருள் வகைகளை 106ஆக உயர்த்தின. 2022 ஆகஸ்டில் வந்த பேட்டரிக் கழிவு விதிகள் எல்லா வகைப் பேட்டரிகளையும் உள்ளே கொண்டுவந்தன. இரண்டுக்கும் அடிப்படை ஒன்றுதான்: சந்தையில் விட்ட தயாரிப்பாளர் அல்லது இறக்குமதியாளர் பதிவு செய்துகொள்ள வேண்டும், அந்தக் கழிவு மறுசுழற்சி ஆவதற்கும் அவர்தான் பொறுப்பு. டி.வி. கம்பெனிக்கும் செல்போன் கம்பெனிக்கும் இது பழகிப்போன விஷயம்.

செக்ஸ் டாய் சரக்கில் அந்த 'அவர்' யார்? ஆபாசச் சட்டத்துக்குப் பயந்து வேறு பெயரில் உள்ளே வருகிறது. வேறு பெயரில் பில் போடப்படுகிறது. சுங்கத் துறை எப்போது நிறுத்துமோ என்ற பயத்தில், பெரிய கம்பெனிகள் தள்ளி நிற்க, பெயர் தெரியாத சின்ன வியாபாரிகள் கைமாற்றி விற்கிறார்கள். இன்றைக்கு இருக்கும் இணையதளம் அடுத்த தீபாவளிக்கு இருக்குமா என்பதே சந்தேகம். இப்படி வந்த பொருளுக்கு, மூன்று வருஷம் கழித்துப் பொறுப்பேற்கச் சொல்லி யார் கதவைத் தட்டுவது? ஆபாசம் வேண்டாம் என்று ஒரு சட்டம் காட்டும் கண்டிப்பு, கழிவுக்குப் பொறுப்பேற்கச் சொல்லும் இன்னொரு சட்டத்தைச் செல்லாக்காசாக்கிவிடுகிறது. ஒழுக்கத்தைக் காப்பாற்றுவதாக நினைத்து நாம் காப்பாற்றிக்கொண்டிருப்பது இறக்குமதியாளரைத்தான்.

பம்பாய் தீர்ப்புக்குப் பிறகு 'மசாஜர்' என்று வெளிப்படையாக விற்பதற்கு இருந்த பயம் கொஞ்சம் குறைந்திருக்க வேண்டும். அப்படியென்றால் மசாஜருக்கு உண்டான கழிவுப் பொறுப்பையும் அதே விற்பனையாளர்களிடம் கேட்பதில் தவறில்லை. உள்ளே இருப்பதன் அடையாளமே இல்லாத பெட்டியில் வீட்டு வாசல்வரை கொண்டுவரத் தெரிந்தவர்களுக்கு, அதே மாதிரி பெட்டியில் திரும்ப எடுத்துப்போவது பெரிய வித்தை இல்லை. சேலையின் நிறம் பிடிக்கவில்லை என்று சொன்னால், மறுநாளே வந்து பொட்டலத்தை வாங்கிப் போகிற கூரியர் பையன் எல்லாத் தெருவிலும் இருக்கிறார். பழையதைக் கொடுத்தால் புதியதில் தள்ளுபடி என்று மிக்ஸிக்கும் குக்கருக்கும் நம் கடைகள் காலங்காலமாகச் செய்துவருகின்றன. அந்த ஒரு நடை கூரியர் கூலியை விலையிலேயே சேர்த்துவிடலாம். இரண்டாயிரம், மூவாயிரம் கொடுத்து ரகசியமாக வாங்குகிறவர், அதே ரகசியத்தோடு அனுப்பிவைக்க இன்னும் நூறு ரூபாய் கேட்டால் முகம் சுளிக்கப் போவதில்லை.